ஆவியில் போகும் மணம்

துளசியும் இஞ்சியும் போட்டுக் கஷாயம் வைத்தால் வாசல் வரைக்கும் மணக்கிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். வாசல் வரைக்கும் வந்த அந்த மணம் டம்ளருக்குள் இருந்திருக்க வேண்டியது. நம் மூக்கைத் தொட்ட ஒவ்வொரு மூலக்கூறும் பாத்திரத்தை விட்டு வெளியேறிவிட்ட மூலக்கூறுதான். தேயிலைத்தூள் சேர்க்காமல், பச்சை இஞ்சி, மிளகு, ஏலக்காய், துளசி, எலுமிச்சைப்புல் போன்றவற்றை மட்டும் வைத்து வீட்டில் போடும் மூலிகைத் தேநீரைப் புரிந்துகொள்ள இந்த இழப்பிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று நினைக்கிறேன்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. துளசிக்கும் கிராம்புக்கும் மணம் தருகிற யூஜினாலின் கொதிநிலை 254 டிகிரி செல்சியஸ். எலுமிச்சைப்புல்லின் சிட்ரால் ஏறக்குறைய 229 டிகிரியில் கொதிக்கும். நம் பாத்திரத்தில் இருக்கும் தண்ணீரோ 100 டிகிரியைத் தாண்டுவதே இல்லை. ஊட்டியைப் போல 2,240 மீட்டர் உயரத்தில் இருந்தால் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அப்படியிருக்க, 254 டிகிரியில் கொதிக்க வேண்டிய பொருள் எப்படி வாசல் வரை பறந்து வருகிறது?

இந்த மணப்பொருள்கள் எண்ணெய் வகை. தண்ணீரும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. கலக்காத இரண்டு திரவங்கள் ஒரே பாத்திரத்தில் சூடேறும்போது ஒவ்வொன்றும் தன் பங்குக்குத் தனித்தனியாக ஆவியை வெளிவிடும். இரண்டு ஆவிகளின் அழுத்தமும் சேர்ந்து வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டியதும் இரண்டும் சேர்ந்தே கொதிக்கும். அதில் பெரும்பங்கு அழுத்தத்தைத் தண்ணீரே கொடுத்துவிடுவதால், எண்ணெய் தன் சொந்தக் கொதிநிலைக்கு வெகு கீழேயே, 100 டிகிரிக்குச் சற்றுக் குறைவான வெப்பத்திலேயே, நீராவியோடு கிளம்பிவிடுகிறது. நீலகிரித் தைலம் இப்படித்தான் எடுக்கப்படுகிறது. தைல மரத்து இலைகளைப் பெரிய கலத்தில் போட்டு வேகவைத்து, வரும் ஆவியைக் குளிர்ந்த குழாய் வழியாக விட்டால் தண்ணீரும் தைலமும் தனித்தனியாகச் சொட்டும். கஷாயத்தைத் திறந்து வைத்துக் கொதிக்கவிடுகிறவர் அதே தைல வடிப்பைத்தான் செய்கிறார். குளிர்ந்த குழாய் மட்டும் இல்லாததால் வடித்தது அனைத்தும் கூரைக்குப் போகிறது.

ஆகவே இந்த அத்தியாயத்தின் மிக முக்கியமான கருவி ஒரு தட்டு. பாத்திரத்தின் வாயை முழுதாக மறைக்கும் எவர்சில்வர் தட்டு, அதன்மேல் இரண்டு கரண்டி பச்சைத்தண்ணீர். மேலே குளிர்ச்சி இருந்தால் உள்ளே மோதும் ஆவி அங்கேயே துளியாகி மறுபடி கஷாயத்தில் விழும். தட்டைத் தூக்கும்போது அதன் அடியில் நிற்கும் துளிகளை வழித்து எறியாமல் பாத்திரத்துக்குள் விடுங்கள். மணத்தில் செறிந்த தண்ணீர் அது.

மூடி போட்டால் மட்டும் போதாது. ஒவ்வொரு பொருளும் தன் மணத்தை வேறு வேறு இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறது. எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் எதை நசுக்க வேண்டும், எதைக் கொதிக்கவிட வேண்டும், எதைக் கொதிக்கவே விடக்கூடாது என்பது விளங்கும்.

இஞ்சியிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் இந்தத் தேநீரின் முதுகெலும்பு அது. பச்சை இஞ்சியில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். மீதியில் மாவுச்சத்தும் நாரும்தான் அதிகம். மணமும் காரமும் மிகச் சிறிய பங்கு. அந்தச் சிறிய பங்கு, கிழங்கு முழுவதும் சிதறிக்கிடக்கும் எண்ணெய்ச் செல்களுக்குள் இருக்கிறது. தோலுக்குச் சற்று உள்ளே அந்தச் செல்கள் நெருக்கமாக இருக்கின்றன. கத்தியால் தடிமனாகத் தோல் சீவுகிறவர்கள் அந்த அடுக்கையும் சேர்த்துக் குப்பைக்கு அனுப்புகிறார்கள். இளம் இஞ்சி என்றால் நன்றாகக் கழுவி அப்படியே போடலாம். முற்றியது என்றால் கரண்டி விளிம்பால் சுரண்டினால் போதும்.

அடுத்தது, எவ்வளவு சிறிதாக வெட்டுவது. கிழங்குக்குள் இருக்கும் மூலக்கூறு தண்ணீருக்கு வர, இங்கும் அங்கும் முட்டி மோதி நகர்ந்து வர வேண்டும். இந்தப் பரவலுக்கு ஆகும் நேரம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். நான்கு மில்லிமீட்டர் தடிமனான துண்டு, ஒரு மில்லிமீட்டர் துண்டைவிட நான்கு மடங்கு அல்ல, பதினாறு மடங்கு நேரம் எடுக்கும். இடிகல்லில் போட்டு ஒரே தட்டாகத் தட்டினால் இன்னும் நல்லது, செல்கள் உடைந்து எண்ணெய் வெளியே வந்துவிடும். மிக்ஸியில் கூழாக அரைத்தால் காரம் சீக்கிரம் இறங்கும், ஆனால் மாவுச்சத்தும் சேர்ந்து இறங்கிக் கஷாயம் குழகுழப்பாகிவிடும். தட்டிப் போடுவதே நடுவழி.

இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால் என்ற சேர்மம். இது அடுப்பில் சும்மா இருப்பதில்லை. கிழங்கு காயும்போதும் சூடேறும்போதும் ஜிஞ்சரால் மூலக்கூறிலிருந்து ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்று போகிறது, மிஞ்சுவது ஷோகால். ஷோகாலின் காரம் ஜிஞ்சராலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சுக்குக் காப்பி தொண்டையில் இறங்கும்போது சுள்ளென்று பிடிப்பதும், இஞ்சித் தேநீர் அப்படிப் பிடிக்காததும் இதனால்தான். சுக்கு வெறும் காய்ந்த இஞ்சி என்று நினைப்பது தவறு. வேதியியல்படி அது வேறு சரக்கு. இஞ்சி வேக வேக ஜிஞ்சராலின் ஒரு பகுதி இன்னொரு வழியிலும் உடைந்து ஜிஞ்ஜரோன் ஆகிறது. இதற்குக் காரம் குறைவு, இனிப்பு சாய்ந்த மணம் உண்டு. ஆக, ஐந்து நிமிடம் கொதித்த இஞ்சிக்கும் அரைமணி நேரம் கொதித்த இஞ்சிக்கும் அளவில் மட்டுமின்றி இயல்பிலேயே வித்தியாசம் இருக்கும். எனக்குப் பிடித்தது எட்டு முதல் பத்து நிமிடம். பச்சை இஞ்சியின் எலுமிச்சை சாயல் கொஞ்சம் மிஞ்சியிருக்கும், காரமும் முழுதாக இறங்கியிருக்கும்.

மிளகின் கதை வேறு. அதன் காரத்துக்குக் காரணமான பைப்பரினை 1819இல் முதன்முதலில் பிரித்தெடுத்தவர் டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆர்ஸ்டெட். மின்சாரம் பாயும் கம்பிக்கு அருகில் காந்த ஊசி திரும்புவதை அடுத்த ஆண்டு கண்டறிந்து இயற்பியலையே திருப்பிப்போட்டவரும் அவரே. பைப்பரின் தண்ணீரில் கரைய மறுக்கும் பொருள். அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 40 மில்லிகிராமைத்தான் ஏற்கும். சூடான தண்ணீர் சற்றுக் கூடுதலாக ஏற்கும், அவ்வளவே. முழு மிளகை அப்படியே போட்டுக் கொதிக்கவிட்டால் கஷாயத்தில் காரம் ஏறாது; கடைசியில் வடிகட்டியில் உட்கார்ந்திருக்கும் மிளகைக் கடித்தால் உறைக்கும். ஒன்றிரண்டாக உடைத்துப் போட வேண்டும். ஆனால் முன்கூட்டியே பொடித்து டப்பாவில் வைத்த மிளகு வேண்டாம். காரம் பொடியிலும் நிலைக்கும். மிளகின் மணத்தைத் தரும் பைனீன், லிமோனின் முதலிய லேசான எண்ணெய்கள் உடைத்த நேரத்திலிருந்தே பறக்கத் தொடங்கிவிடும்.

இஞ்சியும் மிளகும் நாக்கில் செய்வது சுவை என்ற வகையில் சேராது. 1997இல் டேவிட் ஜூலியஸும் அவரது குழுவினரும் நரம்புச் செல்களில் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறந்துகொண்டு 'சுடுகிறது' என்று மூளைக்குச் செய்தி அனுப்பும் வாயில் அது. மிளகாயின் காப்சைசின் பட்டாலும் அதே வாயில் திறக்கிறது என்பதுதான் அந்தக் கண்டுபிடிப்பின் மையம். 2021இல் நோபல் பரிசு பெற்ற பணிகளில் இதுவும் ஒன்று. ஜிஞ்சரால், ஷோகால், பைப்பரின் ஆகியவையும் அதே வாயிலைத் தட்டுகின்றன. ஆகவே இஞ்சி மிளகுத் தேநீரைக் குடிக்கும்போது மூளைக்கு இரண்டு இடத்திலிருந்து ஒரே செய்தி போகிறது: தண்ணீரின் உண்மையான சூடு ஒன்று, காரம் எழுப்பும் சூடு மற்றொன்று. மழை நாளில் இந்தத் தேநீர் உடம்பைக் கதகதப்பாக்குவதாகத் தோன்றுவதில் பெரும்பங்கு இதற்குண்டு.

பட்டை, ஏலக்காய் இரண்டையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஏலக்காயின் மணம் முழுவதும் உள்ளேயிருக்கும் கறுப்பு விதையில்தான். பச்சைத் தோல் அதற்குப் பாதுகாப்பு. போடிநாயக்கனூர் ஏலத்துக்கு வரும் ஏலக்காயைப் பச்சை நிறம் பார்த்து விலை பேசுகிறார்கள் என்றாலும், தேநீருக்கு நாம் பார்க்க வேண்டியது தோல் பிளக்காமல் மூடியிருக்கிறதா என்பதைத்தான். இதன் முக்கிய மணப்பொருளான சினியோல், நீலகிரித் தைலத்திலும் முதலிடம் வகிப்பது. லேசாக ஆவியாகும் பொருள் என்பதால் ஏலக்காயைத் தட்டிக் கடைசி இரண்டு நிமிடத்தில் சேர்த்தால் போதும். பட்டையை இஞ்சியோடு தொடக்கத்திலேயே போட வேண்டும், மரப்பட்டைக்குள்ளிருந்து மணம் இறங்க நேரமாகும். இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. கடையில் மலிவாகக் கிடைக்கும் தடித்த, ஒற்றை மடிப்புப் பட்டை பெரும்பாலும் காசியா இனம். அதில் கூமரின் என்ற பொருள் கணிசமாக இருக்கும். அளவு மீறினால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் கூமரினைத்தான் ஒருநாளைக்குத் தாங்கக்கூடிய அளவாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கிறது. காகிதம் போன்ற மெல்லிய அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருக்கும் இலங்கைக் கறுவாப்பட்டையில் கூமரின் மிக மிகக் குறைவு. தினமும் குடிக்கிறவர்கள் விலை சற்றுக் கூடினாலும் கறுவாவையே வாங்குங்கள்.

இப்போது இலைகள். துளசி, புதினா, ஓமவல்லி மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். இந்தக் குடும்பத்தின் சிறப்பு, மணத்தை இலைக்குள் புதைக்காமல் இலையின் மேற்பரப்பிலேயே வைத்திருப்பது. துளசி இலையை ஒரு நல்ல பூதக்கண்ணாடியில் பார்த்தால் மேல்தோலில் மின்னும் சிறு புள்ளிகள் தெரியும். அவை சுரப்பி மயிர்கள். ஒவ்வொன்றின் தலையிலும் மெல்லிய படலத்துக்கு அடியில் எண்ணெய் தேங்கியிருக்கிறது, நீர் நிறைந்த கொப்புளம் போல. விரல் பட்டாலே உடையும். செடியின் அருகே நடந்துபோகும்போது சேலைத்தலைப்பு உரசினாலே துளசி மணப்பது அதனால்தான். பூச்சிகளை விரட்டத் தாவரம் வைத்துக்கொண்ட ஏற்பாடு இது, உடைவதற்காகவே உருவானது.

உடைவதற்காகவே இருக்கும் ஒன்றைப் பத்து நிமிடம் கொதிக்கவிடுவது எவ்வளவு வீண் என்று பாருங்கள். அடுப்பை அணைத்த பிறகு, தளதளப்பு அடங்கிய தண்ணீரில் இலைகளைக் கையால் ஒருமுறை கிள்ளிப் போட்டு மூடி, ஐந்து நிமிடம் விட்டால் வேண்டிய மணம் இறங்கிவிடும். கொதிக்கவிட்டால் மணம் போவதோடு நிற்காது. பச்சையம் நிறம் மங்கும், துவர்ப்பும் கசப்பும் தரும் பொருள்கள் கூடுதலாக இறங்கும். வீட்டில் துளசிக் கஷாயம் என்றாலே கசப்பு என்று பிள்ளைகள் முகத்தைத் திருப்புவதற்குக் காரணம் துளசி இல்லை, அது அடுப்பில் இருந்த நேரம். சித்த மருத்துவத்தில் நாலில் ஒன்று, எட்டில் ஒன்று என்று சுண்டக் காய்ச்சும் குடிநீர்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அங்கே வேரையும் பட்டையையும் கட்டையையும் காய்ச்சுகிறார்கள், நோக்கமும் வேறு. ஊறவைத்து எடுக்கும் முறைகளும் அதே மருத்துவத்தில் உண்டு. எதை எப்படி எடுப்பது என்ற பகுப்பு நம்மிடம் பழைய காலத்திலிருந்தே இருக்கிறது.

எலுமிச்சைப்புல் மட்டும் இந்த இலைகளோடு சேராது. அதன் சிட்ரால் இலையின் மேலே இல்லை, உள்ளே தனித்தனிச் செல்களில் அடைபட்டிருக்கிறது. முழுப் புல்லை முடிந்து போட்டால் தண்ணீரில் நிறம்கூட ஏறாது. தண்டுப் பகுதியை இடிகல்லால் நசுக்கி, தாளைக் கத்தரியால் விரற்கடை அளவு வெட்டி, அடுப்பை அணைப்பதற்கு ஒரு நிமிடம் முன்னால் போட வேண்டும்.

புதினாவைப் பற்றி ஒரு சேதி. நம் சந்தையில் கட்டுக்கட்டாக விற்பது பெரும்பாலும் ஸ்பியர்மின்ட் என்ற இனம். இதில் மென்தால் சொற்பம்; கார்வோன் என்ற மணப்பொருள்தான் அதிகம். இந்தக் கார்வோனின் மூலக்கூறைக் கண்ணாடியில் பார்த்தால் எப்படித் தெரியுமோ அந்த வடிவம் சதகுப்பை விதையில் இருக்கிறது. அதே அணுக்கள், அதே இணைப்புகள், இடது வலது மட்டும் மாறியது. ஒன்று புதினாவாக மணக்கிறது, மற்றொன்று சதகுப்பையாக. நம் மூக்கிலுள்ள ஏற்பிகளுக்கும் இடக்கை வலக்கை உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று சமையலறையில் கிடைக்காது.

தண்ணீரும் தன் பங்குக்குத் தேர்ந்தெடுக்கிறது. யூஜினால், சிட்ரால், ஏலக்காயின் சினியோல் போன்றவற்றின் மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன் அணுவாவது இருப்பதால் தண்ணீர் அவற்றை ஓரளவு ஏற்கும். யூஜினால் லிட்டருக்கு இரண்டு கிராமுக்கு மேல் கரையும். வெறும் கார்பனும் ஹைட்ரஜனும் கொண்ட லிமோனினோ லிட்டருக்கு 14 மில்லிகிராம் அளவில் நின்றுவிடும். கையில் கசக்கி முகரும் இலைக்கும் டம்ளரில் குடிக்கும் தேநீருக்கும் மணம் ஒன்றாக இராததற்கு இதுவே காரணம்.

பால் சேர்த்தால் கணக்கு மாறும். பால் கொழுப்பு எண்ணெய்களையும் பைப்பரினையும் கரைத்துக்கொள்ளும். பச்சை இஞ்சியைத் தட்டி நேராகப் பாலில் போடக்கூடாது. இஞ்சியில் ஜிஞ்சிபெய்ன் என்ற நொதி இருக்கிறது, பால் புரதத்தை வெட்டித் திரிய வைத்துவிடும். சீனாவின் குவாங்டாங் பகுதியில் இதையே பயன்படுத்தி, இஞ்சிச் சாற்றில் சூடான பாலை ஊற்றித் தயிர் பதத்தில் ஓர் இனிப்பு செய்கிறார்கள். இஞ்சியை முதலில் தண்ணீரில் கொதிக்கவிட்டால் நொதி செயலிழந்துவிடும், பிறகு பால் சேர்க்கலாம். என் அபிப்பிராயத்தில் துளசியும் எலுமிச்சைப்புல்லும் இருக்கும் தேநீருக்குப் பால் வேண்டாம்.

இரண்டு பேருக்கு அளவு சொல்கிறேன். 450 மில்லி தண்ணீர், கட்டைவிரல் நுனிக்கணு அளவு இஞ்சி, உடைத்த மிளகு எட்டு, சுண்டுவிரல் நீளத்தில் பாதிக் கறுவா. இவற்றைப் பச்சைத்தண்ணீரிலேயே போட்டு மூடி, கொதி வந்ததும் தீயைத் தணித்துப் பத்து நிமிடம். எட்டாவது நிமிடத்தில் தட்டிய ஏலக்காய் இரண்டு, ஒன்பதாவது நிமிடத்தில் நசுக்கிய எலுமிச்சைப்புல் ஒரு தண்டு. அணைத்ததும் துளசி பன்னிரண்டு இலை, ஓமவல்லி ஒரே ஓர் இலை. ஓமவல்லியில் உள்ள கார்வக்ராலும் தைமாலும் முரட்டு மணம் கொண்டவை. இரண்டாவது இலை மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். மூடி ஐந்து நிமிடம், பிறகு வடிகட்டல். கருப்பட்டி சேர்ப்பதானால் இந்த நேரத்தில். எலுமிச்சம்பழம் பிழிவதானால் டம்ளரில் ஊற்றி ஆறிய பிறகு, வைட்டமின் சி-க்கு நீண்ட சூடு ஆகாது.

இது என்ன நோயைத் தீர்க்கும்? 2020இல் ஆயுஷ் அமைச்சகம் துளசி நான்கு பங்கு, பட்டை இரண்டு, சுக்கு இரண்டு, மிளகு ஒன்று என்ற விகிதத்தில் ஒரு கஷாயத்தைப் பரிந்துரைத்தபோது வீட்டுக்கு வீடு இந்தக் கேள்வி எழுந்தது. கார்வக்ராலும் யூஜினாலும் ஆய்வகத் தட்டில் கிருமிகளைக் கொல்வது உண்மை. டம்ளரில் இருப்பதோ அதைவிடப் பன்மடங்கு நீர்த்த கரைசல். அது உடம்புக்குள் போய்ச் சளியின் வைரஸை ஒழிக்கும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் ஆறுதல் உண்மை. கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் சளி ஆய்வு மையம் 2008இல் வெளியிட்ட ஆய்வில் சளி பிடித்த 30 பேருக்கு ஒரே பழ பானத்தைச் சூடாகவும் அறை வெப்பத்திலும் கொடுத்துப் பார்த்தார்கள். மூக்கின் காற்றோட்டம் அளவுகோலில் மாறவில்லை. ஆனால் சூடாகக் குடித்தவர்களுக்குத் தொண்டை வலி, குளிர் நடுக்கம், அசதி உட்பட எல்லாத் தொல்லையும் உடனே குறைந்ததாகத் தெரிந்தது. இஞ்சியின் விஷயத்தில் இன்னும் உறுதியாகச் சொல்லலாம். கர்ப்பகாலக் குமட்டலைத் தணிக்க, நாளொன்றுக்கு ஒரு கிராம் அளவு சுக்குத் தூள் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் பல, பயன் இருப்பதாகவே காட்டின. மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் குடிப்பது முறை.

மருந்து சாப்பிடுகிறவர்கள் மிளகை எளிதாக எண்ண வேண்டாம். 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்த ஆய்வில், மஞ்சளின் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது இரத்தத்தில் சேர்ந்த குர்குமின் 20 மடங்கு கூடியது. உடம்பு வெளியேற்ற நினைப்பதைப் பைப்பரின் தடுத்து நிறுத்துகிறது. வலிப்புக்கான ஃபெனிடாயின், இரத்த அழுத்தத்துக்கான புரோப்ரனலால் ஆகியவற்றின் அளவையும் அது கூட்டக்கூடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் எட்டு மிளகில் மொத்தமாக இருப்பதே ஏறக்குறைய 20 மில்லிகிராம் பைப்பரின்தான், அதிலும் ஒரு பகுதியே தண்ணீரில் இறங்கும். ஒரு வேளைக்கு ஒரு டம்ளர் என்றால் பயமில்லை. மூன்று வேளையும் குடிக்கும் பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்; இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் இஞ்சியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

குடிக்கும் சூட்டையும் கவனியுங்கள். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்களை, உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கச் சாத்தியமுள்ளவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது. எந்த பானம் என்பது அங்கே பொருட்டில்லை, சூடுதான் பொருட்டு. வடிகட்டிய பிறகு சில நிமிடம் ஆறவிட்டுக் குடியுங்கள். கருப்பட்டிக்குப் பதில் தேன் விடுகிறவர்கள் அந்த ஆறிய டம்ளரில் விடலாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும், சளிக்கு ஒரு சொட்டு என்றுகூட, கொடுக்கக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமியின் வித்துகளைத் தடுக்கும் திறன் அந்த வயதுக் குடலுக்கு இன்னும் வந்திருக்காது.